சோறு வடிக்கிற நேரம்

கால்ல இடிச்சிட்டோ அண்ணாச்சி? மன்னிச்சுக்கிடுங்க. கொஞ்சம் இந்தப் பக்கமா இழுத்துக்கிடுதேன். சாக்குக்குள்ள இருக்கது ரேடியேட்டரு. பெரிய வண்டி ரேடியேட்டர்லா, மடியிலயும் வைக்க முடியாது, மேல போடவும் எனக்கு மனசு இல்லை. கண்டக்டர் நல்ல மனுசன், கீழயே வச்சுக்கிடும்னுட்டாரு. இந்த டிக்கெட்ட மட்டும் என் சட்டைப் பையில வச்சு விடுதீங்களா? கை சரியில்லை. நீங்க திருநெல்வேலி வரைக்குமா? நல்லதாப் போச்சு. நானும் அங்கனதான், பெரியாஸ்பத்திரிக்கு.

ஆஸ்பத்திரிக்கு எதுக்குய்யா ரேடியேட்டர்னு நினைக்கீங்க. தென்காசியில ஏத்தி விட்டவனும் அதத்தான் கேட்டான். எம் பொண்டாட்டிட்ட காட்டணும் அண்ணாச்சி. அவ அங்கன படுத்திருக்கா. இன்னையோட பன்னெண்டு நாள். நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணுதாங்க. அவ அண்ணன் உடன்குடியில இருந்து காரு கொண்டு வாராரு, கூட்டிட்டுப் போக.

பன்னெண்டு நாளா அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நர்சுட்ட பேசுதா. பக்கத்துக் கட்டில்காரிட்ட சிரிச்சுக்கூடப் பேசுதா. நான் போய் நின்னா வாய் மூடிரும். இன்னைக்கு அவ பேசலைன்னா நாளைக்கு உடன்குடி போயிருவா. போனா திரும்ப வரமாட்டா. எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருசம் கூட இருந்தவனுக்குத் தெரியாதா? என்ன செய்யன்னே தெரியலை அண்ணாச்சி. யார்ட்டயாவது சொல்லணும்போல இருக்கு. நீங்க பக்கத்துல உக்காந்துட்டீங்க.

எங்களுக்கு வீடு வாசல்னு தனியாக் கிடையாது. நாங்க ராட்டினம் போடுத ஆளுக. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊரு ஊரா வாரோம்லா, பெரிய ராட்டினம், பிள்ளைகளுக்குக் குதிரை ராட்டினம். அதக் கழட்டி ஏத்த லாரி இருக்கு, அது தனி. நானும் அவளும் குடியிருக்கதுக்கு ஒரு பழைய பஸ். ஏலத்துல எடுத்தது. சீட்டையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு உள்ள கட்டிலு, கேஸ் அடுப்பு, துணிப்பெட்டி, சாமி படம். அதுலதான் பதினேழு வருசமா குடும்பம். அவ பேரு பிரம்மசக்தி, நான் பிரமும்பேன். எம் பேரு பால்வண்ணன்.

இந்த வண்டிய நான் பாத்த மாதிரி ஒருத்தன் பாத்திருக்க மாட்டான். அதச் சொல்லியே ஆகணும். வண்டிக்கு வயசாயிட்டுன்னா சூடுதான் எமன். தண்ணி ஒழுங்கா இருந்தா டீசல் இன்ஜின் பேசாம ஓடும். தண்ணி போச்சுன்னா ஹெட்டு போச்சு, ஹெட்டு போச்சுன்னா இன்ஜினையே இறக்கணும். அதனால நான் அதுல ரொம்பக் கண்டிசன். தினம் காலையில தண்ணி மட்டம் பாத்தாகணும். ஃபேன் பெல்ட்ட விரலால அமுக்கிப் பாக்கணும், ரொம்ப உள்ள போச்சுன்னா லூசு. ஹோஸுல வெடிப்பு இருக்கான்னு தடவிப் பாக்கணும். கூலண்ட்ட நாளு பாத்து மாத்தணும். கொடையில பறக்குத பஞ்சுமிட்டாயும் தூசியும் ரேடியேட்டர் தகட்டுல போய் அப்பிக்கிடும், அதப் பழைய பல் பிரஷ்ஷு வச்சு நோண்டி எடுக்கணும். பதினேழு வருசத்துல ஒரு நாள் தவறினது கிடையாது.

கையால செய்யுதது பிரமுதான். அது ஒண்ணும் பெரிய வேலை இல்லைல்லா. நான் ஓட்டணும், கோயில் கமிட்டிக்காரங்ககிட்ட பேசணும், ஆயிரம் இருக்கு. தண்ணி வேலை மட்டும் அவளுக்கு. அதுலயும் அவளுக்குன்னு ஒரு பிடிவாதம். போர் தண்ணிய ஊத்த விடமாட்டா. "உப்பு படிஞ்சிரும்"பா. குத்தாலம் பக்கம் போனா கேன் கேனா அருவித் தண்ணி பிடிச்சு கட்டிலுக்கு அடியில வச்சிருவா. மழை பேஞ்சா வண்டிக் கூரையில இருந்து வடியுதத குடத்துல ஏந்துவா. காலை நீட்டினா கேன் இடிக்கும். ஒரு மெக்கானிக் சொன்னான், "தெர்மோஸ்டாட் வால்வெல்லாம் நம்ம வெயிலுக்கு எதுக்கு, கழட்டித் தூரப் போடும்"னு. நானும் சரின்னுட்டேன். இவ அவன்ட்ட சண்டை போட்டு மறுபடி மாட்ட வச்சா. "வேண்டாத சாமானையா வேலை மெனக்கெட்டு வண்டிக்குள்ள வச்சிருக்கான்?" அப்படிங்கா. அவன் என்னையப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான். எனக்கு மானம் போச்சு.

இன்னொண்ணு கேளுங்க, சிரிப்பா இருக்கும். வண்டி வழியில சூடாயி நின்னுட்டுன்னா உடனே ரேடியேட்டர் மூடியத் தொறக்கப்படாது. உள்ள தண்ணி கொதிச்சு இறுகி நிக்கும், தொறந்தா வெடிச்சு அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறணும். அதுக்கு அவ ஒரு வழக்கம் வச்சிருந்தா. வண்டி நின்னதும் உள்ள போயி அரிசியக் களைஞ்சு உலையில போட்டிருவா. சோறு வெந்து வடிச்சு நிமித்தினப் பொறவுதான் கீழ இறங்குவா. இறங்கி, மேல் ஹோஸப் பிடிச்சு அமுக்குவா. மெத்துன்னு அமுங்கினாத்தான், மூடி மேல ஈரச்சாக்கப் போட்டு, பாதி மட்டும் திருகி, அது மூச்சு விட்டு முடியுத வரைக்கும் நின்னு, பொறவு முழுசாத் தொறப்பா.

காலையில பத்து மணிக்கும் சோறு, சாயங்காலம் நாலு மணிக்கும் சோறு. எத்தனை ரோட்டோரத்துல உக்காந்து தின்னிருப்போம்! நான் அவசரப்பட்டா, "சோறு வடிக்கட்டும்"பா. வேற பேச்சே கிடையாது. லாரிக்காரங்க கேலி பண்ணுவாங்க, "அண்ணாச்சி வண்டிக்குப் பசிச்சாத்தான் நிக்கும்"னு.

அன்னைக்கு வடக்குச் செங்குளத்துல கால்நாட்டு. கொடைக்குப் பந்தக்கால் நடுவாங்கல்லா, அது. பத்தரை மணிக்கு. அந்த ஊர்ல ஒரு வழக்கம், கால் நடுததுக்கு முன்ன எந்த ராட்டினம் கோயில் மைதானத்துல வந்து நிக்கோ அதுக்குத்தான் இடம். ஒன்பது வருசமா எங்க இடம் அது. இந்தத் தடவை டிராகன் ரயில் வச்சிருக்கவன் ஒருத்தன் வாரான்னு கேள்விப்பட்டேன். எனக்குச் சோறு தண்ணி இறங்கலை. அதனால பெரிய ஃப்ளெக்ஸ் ஒண்ணு அடிச்சேன். அம்மன் படம், கமிட்டித் தலைவர் படம், நம்ம ராட்டினம் பேரு. வண்டி முன்னால, கண்ணாடிக்குக் கீழ இருந்து பம்பர் வரைக்கும் இழுத்துக் கட்டினேன். தூரத்துல வரும்போதே நாங்க வந்துட்டோம்னு தெரியணும்லா.

பிரமு பாத்த உடனே சொன்னா. "இதக் கழட்டுங்க. முன்னால அடைச்சிட்டா காத்து எங்கன கூடிப் போகும்? அங்க போயிக் கட்டிக்கிடலாம்."

நான் கேட்டேன், "அம்மன் படத்தக் கட்டிட்டு அவுக்கச் சொல்லுதியே, உனக்கே நல்லதாப் படுதா?"

அதுக்கு மேல அவ பேசலை. இல்லை, பேசினா. வழியில ரெண்டு தடவை, "சூட்டு வாடை வருது"ன்னா. நான் சூடு காட்டுத முள்ளக் காட்டினேன். பச்சையில நிக்கி பாருன்னேன். அந்த முள்ளு எப்பவும் பச்சையிலதான் நிக்கும் அண்ணாச்சி. ஆறு மாசத்துக்கு முன்ன அதுக்குப் போற வயர நான் கழட்டி விட்டுட்டேன். சும்மா சும்மா மேல ஏறி மனுசனப் பயங்காட்டிக்கிட்டே இருந்து. அதப் பாத்துக்கிட்டு இருந்தா எங்கன வண்டி ஓட்ட? பிரமுவுக்கு அது தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டா.

ஊருக்கு நாலு மைல் இருக்கும்போது ஃப்ளெக்ஸுக்கு அடியில இருந்து ஆவி. ஓரங்கட்டினேன். மணி ஒன்பது அம்பது. அவ எந்திரிச்சு உள்ள போயி அடுப்பப் பத்த வச்சா. அரிசி களையுத சத்தம் கேக்கு. எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. அங்கன கால்நாட்டுக்கு நேரம் ஆகுது, இவ உலை வைக்கா. வந்துது பாருங்க ஒரு கோவம். "ஏட்டி, சோறா கேக்கு இப்ப? தண்ணிக் குடத்த எடுத்துட்டு வெளிய வாட்டி!"ன்னு கத்தினேன். ரோட்டுல போறவன் திரும்பிப் பாத்தான். அவ வந்தா. நிறைகுடம்லா, ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்து பக்கத்துல நின்னா.

அப்புறம் என்ன, மூடியத் தொறந்தா. அவ்வளவுதான்.

இல்லை, எப்படின்னு சொல்லுதேன். தண்ணி ஊத்துத வாய் வண்டிக்கு முன்பக்கம்லா. ஃப்ளெக்ஸ ஒரு ஓரத்துல அவுத்துத் தூக்கி, உள்ள கைய விட்டு, துண்ட நாலா மடிச்சு மூடி மேல போட்டு... அவதான் போட்டா. என் துண்டு, ஆனா அவதான் போட்டா. திருகினா. பாதிகூடத் திருகியிருக்காது. அடிச்சுது பாருங்க! நேரா மேல போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ஃப்ளெக்ஸுல பட்டு அப்படியே திரும்பி, அவ நின்ன பக்கமா அடிச்சிட்டு. இடது கன்னம், கழுத்து, தோளு. கண்ணு தப்பிச்சது அம்மன் புண்ணியம். குடம் விழுந்து உருண்டு ஓடுது. அவ சத்தமே போடலை அண்ணாச்சி. அதான் எனக்கு இன்னும் காதுல கேக்கு, அவ சத்தம் போடாம இருந்தது. "தண்ணி, தண்ணி"ன்னு நான்தான் கத்தினேன். அவ்வளவு தண்ணியும் மண்ணுல கிடக்கு.

இந்தா, இந்த வளைவுதான். ஷட்டரக் கொஞ்சம் இறக்கி விடுங்களேன். வண்டி இன்னும் அந்த ஓரத்துலதான் நிக்கி. நான் பாக்கலை. ஃப்ளெக்ஸ் தொங்குதா? தொங்கும். யாரு போயி அவுப்பா? போயிட்டா? சரி, தூக்கிக்கிடுங்க, காத்து வரட்டும்.

ஆஸ்பத்திரியில, தீக்காயம், வெந்த காயம்னு பொம்பளை யாரு வந்தாலும் போலீசு வந்து கேக்கணுமாம். ஏட்டம்மா ஒருத்தங்க வந்தாங்க. என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க. நான் கதவோரமா நின்னேன். "யாரும்மா தொறந்தது? உம் புருசனா? பயப்படாமச் சொல்லு"ன்னு கேக்காங்க. நான் கதவுல காத ஒட்ட வச்சேன். எனக்கு எதுக்குப் பயம், சொல்லுங்க? இவ மெதுவா, தெளிவாச் சொன்னா, "நானேதான் தொறந்தேன். அவுக வேண்டாம்னுதான் சொன்னாக." ஏட்டம்மா திரும்பவும் கேட்டாங்க. இவ திரும்பவும் அதையேதான் சொன்னா. எழுதிக் கையெழுத்தும் வாங்கிட்டாங்க.

பாத்தீங்களா? அவளே சொல்லிட்டா. எழுத்துல இருக்கு. நான் வேண்டாம்னு சொன்னேங்கிறதும் இருக்கு. அதக் கேட்டப் பொறவுதான் எனக்கே ஞாபகம் வந்து, ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.

ஏட்டம்மா போனதும் உள்ள போனேன். தலமாட்டுல நின்னு, "ஏன் பிரமு இப்படிப் பண்ணின? எல்லாம் தெரிஞ்சவ நீ அவசரப்படலாமா?"ன்னு கேட்டேன். ஆறுதலாத்தான் கேட்டேன் அண்ணாச்சி, ஏசலை. அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. அதுல இருந்து மூடின வாய்தான்.

நான் என்னெல்லாமோ பண்ணிப் பாத்துட்டேன். அவளுக்குப் பிடிக்கும்னு மஸ்கோத்து அல்வா வாங்கிட்டுப் போனேன், பக்கத்துக் கட்டில்காரிக்குக் குடுத்துட்டா. டிராகன் ரயில்காரன் நம்ம இடத்துல நிக்கான்னு சொன்னேன், போர்வைய இழுத்து மூடிக்கிட்டா. நாலாம் நாளு துணி எடுக்க வண்டிக்குப் போனேன். ஏறின உடனே நாத்தம். அடுப்பு மேல பானை அப்படியே இருக்கு. பொறவு வந்த நம்ம லாரிக்காரன் யாரோ கேஸ அணைச்சிருக்கான். அரிசி அரை வேக்காட்டுல ஊறிப் புளிச்சுப் போயிக் கிடக்கு. எனக்கு அந்தப் பானையப் பாத்ததும் தாங்கலை. அங்கனயே தரையில உக்காந்து அழுதேன். சோறு வடிக்குமுன்ன அவ ஒரு நாளும் அந்த மூடியத் தொட்டவ இல்லை. அன்னைக்கு மட்டும் எப்படித் தொட்டா? இப்பவும் எனக்குப் பிடிபட மாட்டேங்கு.

அதான், தப்பு ரேடியேட்டர்லதான் இருக்கணும்னு முடிவு பண்ணினேன். ஆளு வச்சுக் கழட்டித் தென்காசிக்குக் கொண்டு போனேன். கடைக்காரன் தொட்டித் தண்ணிக்குள்ள முக்கி, காத்தடிச்சுப் பாத்தான். ஒரு குமிழி வரலை. மூடியத் தனியா வச்சு டெஸ்ட் பண்ணினான், மூடியும் நல்லா இருக்காம். உள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "பழைய வண்டிங்கீரு, பொட்டு உப்பு இல்லையே! யாருய்யா பராமரிப்பு?"ன்னான். நான்தான்னேன். எனக்கு அப்பவும் பெருமையாத்தான் இருந்து. பொறவு கேட்டான், "அப்ப எதுக்குக் கொதிச்சுது? முன்னால காத்து போகாம எதையும் கட்டியிருந்தீரா?"

இல்லைன்னேன்.

அப்படித்தான் வாயில வந்து. என்ன செய்யச் சொல்லுதீங்க? அவன் ரேடியேட்டரத் தூக்கி எம் முன்னால வச்சு, கொண்டு போம்னான். நான் நகரலை. "ஒரு இடத்துல ஈயம் வச்சு விடும்"னேன். "ஓட்டை இல்லாத இடத்துலயா?"ன்னான். "ஆமாய்யா, வையும்"னேன். கோட்டிக்காரன்னு நினைச்சிருப்பான். வச்சுக் குடுத்தான். இந்தா, சாக்குக்கு மேல தடவிப் பாருங்க, இந்த மூலையில தட்டுப்படுதா? இதத்தான் அவகிட்ட காட்டணும். இங்கன ஓட்டை இருந்து பிரமு, தண்ணி ஒழுகித்தான் கொதிச்சிருக்கு, உம்மேலயும் தப்பு இல்லை, எம்மேலயும் தப்பு இல்லைன்னு சொல்லணும். அப்படிச் சொல்லிட்டா பேசிருவா. பேசத்தானே செய்யணும்?

அண்ணாச்சி, உங்களப் பாத்தா நாலு விசயம் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கீங்க. நான் சொன்னா அவ நம்ப மாட்டா. நீங்க கூட வந்து ஒரு வார்த்தை, "நான் பாத்தேன் தாயி, ஓட்டை இருந்து"ன்னு சொல்லுதீங்களா? நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. அஞ்சு நிமிசம் போதும். உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். அவ இல்லாம அந்த வண்டிக்குள்ள என்னால ஏற முடியலை. கட்டிலுக்கு அடியில அவ்வளவு கேனும் தண்ணியோட இருக்கு. இப்ப காலு இடிச்சாக்கூட நான் ஏச மாட்டேன்.

பேசலைன்னேனே தவிர, ஒண்ணுமே செய்யாம இருக்கான்னு இல்லை. போன உடனே தினம் ஒண்ணு செய்வா. போர்வைக்குள்ள இருந்து ரெண்டு கையையும் வெளிய எடுத்து, உள்ளங்கைய விரிச்சு, என் மூஞ்சிக்கு நேரா நீட்டுவா. நீட்டிக்கிட்டு என்னையவே பாப்பா. நேத்தும் நீட்டினா, முந்தாநாளும் நீட்டினா. நானும் பாப்பேன். சும்மா சொல்லக்கூடாது, ரெண்டு கையிலயும் ஒரு கொப்புளம் கிடையாது. "கைக்கு ஒண்ணும் ஆகலை பிரமு, இன்னும் எத்தனை குடம் வேணும்னாலும் தூக்கலாம்"னு தைரியம் சொல்லுவேன். உடனே கைய உள்ள இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருவா. எதுக்குக் காட்டுதா, என்ன கேக்கான்னே எனக்கு விளங்கலை. கொதிக்குத மூடியத் தொறந்தவ கையில ஒரு கொப்புளம்கூட...

என்ன அண்ணாச்சி? ஏன் என் கையவே பாக்கீங்க?

இதுவா. அன்னைக்குப் பட்டதுதான். வலது கை. உள்ளங்கை, விரலு எல்லாம் வெந்துட்டு. அங்கனயேதான் கட்டுப் போட்டாங்க. எப்படிப் பட்டுதுன்னு டாக்டர் கேட்டாரு. அவளப் பிடிச்சுத் தூக்கும்போது பட்டுட்டுன்னேன். அப்படித்தான் சொன்னேன். கட்டில்ல படுத்துக்கிட்டே அவ அதக் கேட்டுக்கிட்டுதான் இருந்தா.

பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. எல்லாரும் எந்திரிக்காங்க.

நீங்க வரவேண்டாம் அண்ணாச்சி. நான் கேட்டத மறந்திருங்க. இந்தச் சாக்கையும் நான் அங்க கொண்டு போகலை, டீக்கடையில வச்சிட்டுப் போறேன். அவ விரல வச்சாலே ஈயத்துக்கு அடியில ஓட்டை இல்லைன்னு கண்டுபிடிச்சிருவா. பதினேழு வருசம் தேச்சவள்லா.

எனக்கு ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. இறங்குததுக்கு முன்ன இந்தக் கட்ட அவுத்து விடுங்க. தோலோட ஒட்டிக்கிட்டு இருக்கும், இருக்கட்டும், நீங்க பாட்டுக்கு இழுங்க. நாலு மணிக்கு அவ கைய நீட்டுவா. நானும் நீட்டணும். ஒத்தக் கையால என்னால அவுக்க முடியலை அண்ணாச்சி.